சபோனிஸ் வீணாய்ப் போனாரா?

அன்புள்ள ஐயா,

சியோல் ஒலிம்பிக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு லிதுவேனியக் கூடைப்பந்து வீரர் அர்விதாஸ் சபோனிஸின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். கூடைக்கு அருகே நின்று ஆடும் 7 அடி 3 அங்குல உயர சென்டர் இப்படியெல்லாம் பாஸ் கொடுப்பாரா! ஆனால் அவர் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போனபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கால்களும் போய்விட்டன. அரசியலும் காயமும் சேர்ந்து அவரை வீணடித்துவிட்டன என்றே தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் வீண் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. என்பிஏவுக்கு வெளியே ஆடியதெல்லாம் கணக்கில் சேராது என்று வைத்துக்கொண்டால்தான் அப்படித் தோன்றும்.

கௌனாஸில் பிறந்தவர், 1981இல் சொந்த ஊரின் ஜல்கிரிஸ் அணிக்கு ஆட வந்தார். 1985 முதல் 1987 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சோவியத் லீக் பட்டம் அந்த அணிக்குத்தான். தோற்றுப்போனது மாஸ்கோவின் ராணுவ அணியான சிஎஸ்கேஏ. தனி நாடு இல்லாதிருந்த லிதுவேனியர்களுக்கு அந்த வெற்றிகள் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோபம் எனக்கும் உண்டு, அது அவருடைய காலை மற்றவர்கள் நடத்திய விதம் பற்றியது. 1986இல், என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், போர்ட்லாண்ட் அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. சோவியத் அரசு விடவில்லை. கொஞ்ச நாளில் குதிகாலின் அக்கிலிஸ் தசைநார் அறுந்தது, அதுவும் ஒரு முறையோடு நிற்கவில்லை. 1988இல் சிகிச்சைக்குப் போர்ட்லாண்டுக்கே போனார். கால் முழுதாகத் தேறும் முன்பே, அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக இறக்கிவிட்டார்கள். அமெரிக்காவை 82-76 என்று வீழ்த்தித் தங்கமும் வாங்கினார்கள், சரி. அதற்காக அந்தக் காலைப் பணயம் வைத்தது அநியாயம்.

1989இல் ஸ்பெயினுக்குப் போனார். முதலில் வயாடோலிட், 1992 முதல் ரியல் மாட்ரிட். நீங்கள் வியந்த ஆட்டம் முழுமையடைந்தது அங்கேதான். இளவயதில் எல்லோரையும் முந்தி ஓடிப்போய்ப் பந்தைக் கூடைக்குள் அறைந்தவர், இப்போது கூடைக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஃப்ரீ த்ரோ கோட்டருகே கூடைக்கு முதுகு காட்டி நின்றுகொள்வார். பந்து ஒற்றைக் கையில், தலைக்கு மேலே, யாருக்கும் எட்டாத உயரத்தில். எதிரணியினர் அதையே அண்ணாந்து பார்த்திருக்க, சக வீரர் ஒருவர் அவர்கள் முதுகுப் பக்கமாகக் கூடையை நோக்கி ஓடுவார். சபோனிஸ் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பந்து அவர் தோளுக்குப் பின்னால் போய், ஓடியவர் கையில் சேர்ந்திருக்கும். 1995இல் ரியல் மாட்ரிட் 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பையை வென்றது இவரை நம்பித்தான்.

அதே ஆண்டு போர்ட்லாண்ட் போனார். இந்த எக்ஸ்ரேயைக் காட்டினாலே மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் கிடைத்துவிடும் என்று அணி மருத்துவர் சொன்னாராம். அந்தக் காலோடு, ஆட்டத்துக்கு 24 நிமிடம்கூட ஆடாமல், முதல் சீசனில் சராசரி 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது)! கடைசியில் ஜல்கிரிஸுக்கே திரும்பி, 2003-04இல், 39 வயதில், ஐரோப்பாவின் முன்னணி கிளப் போட்டியான யூரோலீக்கின் முதல் கட்டத்தின் சிறந்த வீரரானார்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் வெண்கல ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். சியோலில் சோவியத் அணித் தோழர்களாக இருந்த வோல்கோவும் திகோனென்கோவும் எதிரணியில், முன்னாள் சோவியத் குடியரசுகளின் கூட்டு அணியில். சுதந்திர லிதுவேனியா 82-78 என்று வென்றது. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.