ஏறியதா, ஏற்றினார்களா?

கேள்வி: மகளின் கல்யாணச் சீருக்காக இணையக் கடை ஒன்றில் ஒரு மிக்ஸியைப் பார்த்து வைத்தேன். செவ்வாய் இரவு 3,299 ரூபாய். மறுநாள் காலை பணம் கட்டப் போனால் தானாக 3,749 ஆகியிருந்தது. இரண்டு நாள் கழித்து 3,399. இதில் எதுதான் உண்மையான விலை?
– வாசகி ஒருவர், விருத்தாசலம்

பதில்: "தானாக" என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. மிக்ஸிக்குப் பிறகு வருகிறேன்.

ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை. வெயில் ஏறும். மூட்டையை ஏற்றுவார்கள். "மூட்டை லாரியில் ஏறியது" என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட, மூட்டைக்கு ஏது கால் என்று கேட்கும். விலைக்கு மட்டும் நாம் எல்லாரும் சேர்ந்து கால் முளைக்க வைத்துவிட்டோம். சிமென்ட் விலை ஏறியது, எரிவாயு விலை உயர்ந்தது, பஸ் கட்டணம் கூடியது. இந்தத் தலைப்புகளுக்காகச் செய்தி ஆசிரியர்களோடு நான் சண்டை போடத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "உயர்த்தினர்" என்று போடுங்கள், யார் என்பதையும் போடுங்கள் என்பேன். தலைப்பில் இடம் இல்லை என்பார்கள். உயர்ந்தது என்பதற்கு ஆறு எழுத்து, உயர்த்தினர் என்பதற்கு ஏழு. ஓர் எழுத்துக்கு இடமில்லாமல்தான் உயர்த்தியவர் பத்தியை விட்டே வெளியேறிவிடுகிறார். அந்தப் பழக்கம் இன்று விருத்தாசலம் வரை வந்து, உங்கள் பணத்தைக் கேட்டவரையே உங்கள் வாக்கியத்திலிருந்து மறைத்திருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இப்போதெல்லாம் கணினி நிரல்தானே விலையை மாற்றுகிறது, தானாக என்றால் என்ன தவறு என்று கேட்பீர்கள். ஓர் ஈயின் கதையைச் சொல்கிறேன்.

2011 ஏப்ரல். அமெரிக்காவின் பெர்க்லியில் மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளரின் ஆய்வுக்கூடத்தில், ஈயின் வளர்ச்சியைப் பற்றிய ஒரு பழைய பாடநூல் தேவைப்பட்டது. அச்சில் இல்லாத நூல். அமேசான் தளத்தில் கைமாறிய பிரதிகள் 35 டாலர் அளவில் இருந்தன. புதிய பிரதி இரண்டு கடைக்காரர்களிடம் இருந்தது. விலை 17 லட்சம் டாலருக்கு மேல்! ஐசன் அதை நாள்தோறும் கவனித்தார். முதல் கடையின் நிரல், இரண்டாம் கடையின் விலையை 0.9983 ஆல் பெருக்கித் தன் விலையை வைத்தது, சற்றே மலிவாக இருக்கட்டும் என்று. இரண்டாம் கடையின் நிரல், முதல் கடையின் விலையை ஏறக்குறைய 1.27 ஆல் பெருக்கியது. அந்த இரண்டாம் கடைக்காரரிடம் புத்தகமே இருந்திருக்காது, யாராவது கேட்டால் முதல் கடையில் வாங்கி லாபம் வைத்து அனுப்பியிருப்பார் என்பது ஐசனின் ஊகம். ஒன்றைப் பார்த்து மற்றொன்று ஏற, ஏப்ரல் 18 அன்று அந்த ஈப் புத்தகத்தின் விலை 2 கோடியே 36 லட்சத்து 98 ஆயிரத்து 655 டாலர், 93 சென்ட். தபால் செலவு தனி. யாரோ விழித்துக்கொண்டார்கள். மறுநாள் 106 டாலருக்கு வந்துவிட்டது.

இது தானாக ஏறியதா? இல்லவே இல்லை. 1.27 என்ற எண்ணை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து உள்ளே போட்டார், போட்டுவிட்டுக் கவனிக்காமல் போய்விட்டார். அவர்தான் ஏற்றியவர். உங்கள் மிக்ஸிக்குப் பின்னாலும் அப்படி ஒருவர் போட்ட கணக்கு இருக்கிறது. போட்டிக் கடையின் விலை, கையிருப்பு, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் சேரும். இன்னொன்றையும் பாருங்கள்: ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். மலிவாகக் கொடுத்தவரிடம் சரக்கு தீர்ந்ததும் அடுத்தவர் மேலே வந்துவிடுவார். படம் அதுவே, மாடல் அதுவே, கடைக்காரர் வேறு. விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெயர் இருக்கும். இரவில் பார்த்ததும் காலையில் பார்த்ததும் ஒரே பெயர்தானா?

விலை மாறுவதை நான் குற்றம் சொல்லவில்லை. மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லிகைக்குச் சொல்லும் விலையை மூன்று நாள் கழித்துச் சொன்னால் ஆள் வரமாட்டார்கள். பனிக்காலத்தில் வரத்து குறைந்தால் கிலோ ஆயிரங்களுக்குப் போகும். அங்கே வாங்குபவர் முணுமுணுப்பார், ஏமாந்தேன் என்று சொல்லமாட்டார். கூடை காலியாக இருப்பதை அவரே பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவருக்கும் அதே விலை. மாட்டுச்சந்தையில் இன்னும் கமுக்கம்: துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் துண்டுக்குள் இரண்டு கைகள் இருக்கின்றன. அவன் எந்த விரலைப் பிடித்தான் என்பது இவனுக்குத் தெரியும். இணையக் கடையின் துண்டுக்குள் இருப்பது ஒரே கை.

ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரயில்களில் 2016 செப்டம்பரில் புதிய கட்டண முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 10 சதவீத இடங்கள் விற்க விற்க, அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் கூடும். எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கை ஊரறியச் சொன்னார்கள். அதையாவது இணையக் கடைகளிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதைவிட மோசமானது ஆளைப் பார்த்து விலை சொல்வது. 2000 செப்டம்பரில் ஒரே படத்தின் டிவிடியை ஆளுக்கொரு விலையில் அமேசான் விற்றது வெளியே வந்தது. ஆளைப் பார்த்து வைக்கவில்லை, குலுக்கல் முறையில் செய்த சோதனைதான் என்றது நிறுவனம். தவறு என்று ஒப்புக்கொண்டு 6,896 பேருக்குப் பணம் திருப்பிக் கொடுத்தது. நம் நாட்டின் 2020 மின்வணிக விதிகளும், ஒரே வகை நுகர்வோருக்கிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. உங்கள் தங்கையின் கைபேசியில் அதே நிமிடத்தில், அதே விற்பனையாளரிடம் வேறு விலை தெரிந்தால் இரண்டு திரைகளையும் படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

உண்மையான விலை எது என்று கேட்டீர்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச விலை, அதற்கு மேல் வாங்கக் கூடாது என்ற எல்லை மட்டுமே. அதை அடித்துக் காட்டி "40 சதவீதம் தள்ளுபடி" என்றால் மயங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், தள்ளுபடி அறிவிப்பவர் கடைசி 30 நாளில் விற்ற மிகக் குறைந்த விலையைப் பக்கத்தில் காட்டியாக வேண்டும். அந்த ஒரு வரி இங்கேயும் சட்டமாக வேண்டும்.

கல்யாணத் தேதியை நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதம் இருக்கிறதென்றால் அவசரப்படாதீர்கள். தினத்தாள் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், நாள்தோறும் ஒரே நேரத்தில் விலையையும் விற்பனையாளர் பெயரையும் குறித்து வையுங்கள். உங்கள் ஊர்க் கடைவீதியிலும் அதே மாடலைக் கேளுங்கள். பழுது பார்க்க ஆள் அங்கேதான் இருப்பார். முப்பது தாள் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். தலைப்பில் "ஏற்றினார்கள்" என்றுதான் இருக்கும், இடம் எப்படியும் ஒதுக்கிவிடுகிறேன்.