தலை ஸ்கேன் நார்மல், ஆனால் விபத்து நடந்து இரண்டு நாளாகியும் கழுத்து வலி விடவில்லை. ரத்தக்குழாயில் அடிபட்டிருக்குமா?

இருக்கலாம். மீதியைப் பிறகு படியுங்கள், முதலில் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

என் தம்பி காரில் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான். தலைக்கு மட்டும் சிடி எடுத்து, ஒன்றுமில்லை என்று மறுநாள் காலை அனுப்பிவிட்டார்கள். இடது கழுத்தில் பெல்ட் பதிந்து கன்றிப்போன கோடு, இரண்டு விரல் அகலம். சாயங்காலம் அதற்குக் களிம்பு தடவும்போதுதான் கவனித்தேன்: இடது இமை பாதி இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்றே நினைத்தேன். விளக்கைக் குறைத்ததும் வலது கண்மணி விரிந்தது, இடது அப்படியே சின்னதாக நின்றது.

வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர் கண்ணையும் கழுத்துக் கோட்டையும் பார்த்த உடனே, சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் எழுதினார். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோட்டிட் தமனியின் உள்சுவர் கிழிந்திருந்தது. இமைக்கும் கண்மணிக்கும் போகும் நரம்பு அந்தத் தமனியை ஒட்டியே ஓடுவதால்தான் கண்ணில் தெரிந்தது. சாயம் இல்லாத தலை சிடியில் இது பெரும்பாலும் தெரியாது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அடிபட்ட உடனே வராமல் சில மணி நேரம், சில நாள் கழித்தும் வரும்.

இதில் ஐந்து நிலை உண்டு. தம்பிக்கு முதல் நிலை, குழாயின் சுருக்கம் கால்வாசிக்கும் குறைவு. ஐந்தாவதில் குழாயே அறுந்திருக்கும். அறுவை தேவைப்படவில்லை, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின்தான். அதையும் வேறெங்கும் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுத்தார்கள். சிலருக்கு ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை ஏற்றுவார்கள். நீங்களாக மாத்திரை போட்டுவிடாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. "கழுத்து வலிக்கெல்லாம் ஆஞ்சியோவா" என்று கேட்க வருபவர்களுக்கு: எல்லா வலிக்கும் சொல்லவில்லை. பெல்ட் தடம், கழுத்தெலும்பு முறிவு, மண்டையின் அடிப்பகுதி முறிவு, தலை ஸ்கேனில் காரணம் தெரியாத மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இருந்தால் கேட்டே ஆக வேண்டும். பெல்ட்டையும் குறை சொல்லாதீர்கள், அது இல்லாவிட்டால் அவனே இல்லை.

இன்னொன்று, இன்றும் ஆறவில்லை. முதல் மருத்துவமனையில் கையெழுத்து போட்டது நான். ஆனால் "பெரியவங்க யாரும் வரலையா?" என்று கேட்டு, வராண்டாவில் நின்ற மாமாவிடம்தான் விவரம் சொன்னார்கள். கழுத்துக் கோட்டைப் பற்றி நான் இரண்டு முறை கேட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் மறுபடி ஆஞ்சியோ எடுத்தார்கள். கிழிசல் ஆறியிருந்தது.