ஐஸ்பிரேக்கர் (பனியை உடைத்து வழிசெய்யும் கப்பல்) துணைக்கு இருந்தும் கடற்பனியில் கப்பல் சிக்குமா? காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தாராளமாகச் சிக்கும். பனி எவ்வளவு தடிமன் என்பதைவிட, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்குத்தான் நாங்கள் பயப்படுவோம். சரக்குக் கப்பலில் செகண்ட் மேட் என்ற அதிகாரியாகக் குளிர்காலத்தில், சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே உள்ள பொத்னியா வளைகுடா போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மிதக்கும் பனி, காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 2 சதவீதத்தில் நகரும். 30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர் வேகம்) காற்றுக்கு அரை நாட் சொச்சம். அவ்வளவுதானா என்று தோன்றும். ஒரே நாளில் 25 கிலோமீட்டர் ஆகிவிடும். தென்மேற்குக் காற்று விடாமல் அடித்தால் சுவீடன் கரையோரம் பனி விலகித் தண்ணீர் தெரியும். பின்லாந்துப் பக்கமோ பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றேறி மேடுகளாகக் குவியும். கண்ணுக்குத் தெரியும் மேடு கொஞ்சம்தான், தண்ணீருக்கடியில் இருப்பது பல மடங்கு.

ஐஸ்பிரேக்கர் உடைத்த பாதையும் நிலைக்காது. காற்று குறுக்கே தள்ளினால் அது போன கையோடு மூடிக்கொள்ளும். ஒட்டிப் போகலாமென்றால், மேட்டில் முட்டி அது சட்டென்று நின்றால் அதன் முதுகில் நாம் மோதுவோம். தள்ளிப் போனால் பாதை இருக்காது. இஞ்சின் முழு சக்தியில் ஓடும். வேகம் 8 நாட், 5, 2 என்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இருபுறத் தகடுகளிலும் பனி நறநறவென்று உரசும். ஐஸ்பிரேக்கர் திரும்பி வந்து, நம்மை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் ஓடி இறுக்கத்தைத் தளர்த்தும். அதற்கும் அசையாவிட்டால் நம் முகப்பைத் தன் பின்புறப் பள்ளத்துக்குள் இழுத்துக் கட்டிக்கொண்டு போகும். (அந்த நேரம் கேப்டனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.)

ஐஸ்பிரேக்கரே மாட்டிய கதையும் உண்டு. 2013 கிறிஸ்துமஸ் சமயம் அண்டார்க்டிகாவில் அகாடமிக் ஷோகால்ஸ்கி என்ற ரஷ்யக் கப்பலைச் சுற்றிக் காற்று பனியைக் கொண்டுவந்து அடைத்தது. உதவிக்குப் போன சீன ஐஸ்பிரேக்கர் ஷுவேலோங்கால் நெருங்க முடியவில்லை. 2014 ஜனவரி 2 அன்று அதன் ஹெலிகாப்டர் 52 பேரை மீட்டது; பிறகு அதுவே சிக்கிக்கொண்டது. ஜனவரி 7 அன்று காற்று மாறிப் பனியில் பிளவு விழுந்ததும் இரண்டும் தானாகவே வெளியே வந்தன.

அதனால்தான் பொத்னியா வளைகுடாவும் சேர்ந்த பால்டிக் கடலில் நேர்க்கோடு போட்டு ஓட்ட விடமாட்டார்கள். எந்தப் புள்ளிகள் வழியாக வரவேண்டும் என்பதை ஐஸ்பிரேக்கர்கள்தான் சொல்லும். காற்று திரும்பினால் புள்ளிகளும் மாறும். நூறு கிலோமீட்டர் சுற்றென்றாலும் பனி தளர்ந்த பக்கமாகவே போவோம்.