ஒற்றையாட்சி நாட்டில் எல்லாமே மத்திய அரசுதான் என்றால் உள்ளாட்சிக்கு அங்கே என்ன வேலை?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோச்சிங் நோட்ஸில் ஒரு பக்கம் கூட்டாட்சி (மத்திக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரம் பிரிந்திருப்பது), மறுபக்கம் ஒற்றையாட்சி (அதிகாரம் முழுக்க மத்தியில் இருப்பது) என்று கட்டம் போட்டுப் பிரித்திருப்பார்கள். நானும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன். பிரான்சில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

சித்தப்பா பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். அங்கே கல்யாணம் முதலில் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில் நடந்தாக வேண்டும். தாலி, விருந்து எல்லாம் அதற்கப்புறம். மேயரே வந்து நடத்திவைத்தார். தோளிலிருந்து இடுப்புவரை நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டை. கையெழுத்தெல்லாம் முடிந்ததும் சித்தப்பா அவரிடம் தெருமுனை விளக்கு எரியவில்லை என்றார். மேயர் கோட்டுப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

கல்யாணத்தைப் பதிவு செய்யும்போது அவர் அரசின் பிரதிநிதி. விளக்கைக் குறித்துக்கொள்ளும்போது ஊர் மன்றத்தின் தலைவர். மக்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மன்றம் மேயரைத் தேர்ந்தெடுக்கிறது. இப்படி மன்றமும் மேயரும் உள்ள ஊர்களைக் கம்யூன் என்கிறார்கள், கிட்டத்தட்ட 35,000 இருக்கின்றன. அதற்கு மேலே மாவட்டம் மாதிரி தெபார்த்மான், அதற்கும் மேலே, பல தெபார்த்மான்கள் சேர்ந்த ரீஜியன். எல்லாவற்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. கூடவே, பாரிஸில் உள்ள மத்திய அரசு நியமிக்கும் பிரிஃபெக்ட் என்ற அதிகாரி, ஏறக்குறைய நம் கலெக்டர். முன்பெல்லாம் உள்ளூர் முடிவுகள் அவர் பிடியில் இருந்தன. 1982 சட்டத்துக்குப் பிறகு, ஒரு முடிவு சட்டவிரோதம் என்று பட்டால் அவர் நிர்வாக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் ஒற்றையாட்சி எங்கே என்று கேட்பீர்கள். பிரான்சின் பெருநிலப்பரப்பில் இருந்த 22 ரீஜியன்களை நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் 13 ஆக்கியது. 2016-ல் அமலுக்கு வந்தது. ரீஜியன்களின் சம்மதம் தேவைப்படவில்லை. பிரிட்டனும் ஒற்றையாட்சிதான், அங்கே லண்டனில் 1986-ல் நகரம் முழுமைக்குமான கவுன்சிலையே கலைத்துவிட்டார்கள். 2000 வரை லண்டனுக்கென்று பொதுவாக ஒரு மன்றம் கிடையாது. அதிகாரம் தருவதும் எடுப்பதும் மேலே இருப்பவர்கள் கையில். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரான்சைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அங்கே பாதிக்கும் மேற்பட்ட கம்யூன்களில் 500 பேர்கூடக் கிடையாது, தனியாக எதுவும் செய்ய முடியாமல் திணறுகிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்கான வரியை பாரிஸ் 2023-ல் முழுவதுமாக எடுத்துவிட்டதால், கம்யூன்களின் சொந்த வருமானத்தில் ஒன்று போயிற்று.

ஆனால் நான் இருப்பது பெங்களூரு. கூட்டாட்சி நாடு, நகராட்சிகளுக்கென்றே அரசியல் சட்டத்தில் 74-வது திருத்தம் இருக்கிறது, ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அதன் 243-யு பிரிவு சொல்கிறது. இங்கே மாநகராட்சியின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் மாநில அரசு தன் சட்டத்தின்படி நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தது. நடுவில் ஐந்து வருடம் தேர்தலே இல்லை. டெல்லிக்கும் பெங்களூருவுக்கும் நடுவில்தான் கூட்டாட்சி. மாநில அரசு இருக்கும் விதான சௌதாவுக்கும் என் தெருவுக்கும் நடுவில் ஒற்றையாட்சிதான்.

2022 மழையில் எங்கள் தெருச் சாக்கடை பொங்கி மூன்றாவது படிவரை தண்ணீர் வந்தது. முன்பு இருந்த கார்ப்பரேட்டர் (வார்டு உறுப்பினர்) வீடு இரண்டு தெரு தள்ளி, அம்மாவே நடந்து போய்ச் சொல்லுவார். அன்றும் போனார். "நான் இப்போ எதுலயும் இல்லம்மா, ஆபீஸ்ல மனு குடுங்க" என்று அந்த மனுஷன் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். மனு கொடுத்தோம். நான்கு மாதத்தில் மூன்று இன்ஜினியர்கள் மாறினார்கள். கந்தாயம், அதாவது சொத்து வரி, அதை மட்டும் வருடம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

   

சித்தப்பா போன் செய்யும்போதெல்லாம் சாக்கடை சரியாச்சா என்று கேட்கிறார். அந்தத் தெருவிளக்கு, நாங்கள் ஊர் திரும்புவதற்குள் எரிந்துவிட்டது.