ஓடாத காருக்கும் பிரேக் ஒயில் மாற்ற வேண்டுமா?

கேள்வி: அண்ணா, எங்களுடையது 2014 விட்ஸ். மூன்று வருடங்களுக்கு முன் வாங்கினோம். பாடசாலைக்கும் சந்தைக்கும்தான் ஓட்டம் என்பதால் மீற்றர் இன்னும் 71,000 தான். ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் நுவரெலியா போக இருக்கிறோம். பிரேக் ஒயிலும் கியர் ஒயிலும் மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு, கராஜில் “நிறம் நல்லாத்தான் இருக்கு, ஓட்டமும் குறைவு, தேவையில்லை” என்றார்கள். பக்கத்து வீட்டு ஐயாவோ கியர் ஒயிலில் கை வைத்தால் கியர்பொக்ஸே போய்விடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: தங்கச்சி, பிரேக் ஒயிலை மலைக்குப் போக முன்னரே கட்டாயம் மாற்றுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஓட்டம் குறைவு என்பது இங்கே கணக்கில் வராது. ஒயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெயே இல்லை, கிளைக்கோல் வகைத் திரவம். கார் ஓடினாலும் சரி, வாசலில் சும்மா நின்றாலும் சரி, காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். மாரியில் நம் ஊரில் உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் எப்படிக் கசிந்துபோகிறது என்று உங்களுக்குத் தெரியும்தானே, அந்த ஈரம்தான். டொட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். டொட் 4 என்றால் 230, அது 155 ஆக இறங்கும்.

திருகோணமலை டவுனுக்குள் ஓடும்வரை இது தெரியவே தெரியாது, ஏனென்றால் இங்கே பிரேக் அவ்வளவு சூடாவதில்லை. எனக்கு இது தெரிந்தது றம்பொடை இறக்கத்தில். நான்கு வருடமாக மாற்றாத பிரேக் ஒயில், கார் நிறைய ஆட்கள், டி கியரிலேயே விட்டுக் காலைப் பிரேக்கில் வைத்தபடி கம்பளைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமிழ்ந்து அடியில் போய் முட்டியது. லோ கியருக்கு இழுத்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, கைபிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி ஒருவழியாக மண்மேட்டுப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பின் சீட்டில் அம்மா, பிள்ளைகள். அரை மணித்தியாலம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி நன்றாக இருக்கிறது! சில்லுப் பக்கத்தில் ஒயில் கொதித்து ஆவியாகிவிட்டால் மிதிக்கும் விசை அந்த ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும், சில்லைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பாட் வரை போய்ச் சேராது; ஆறினால் ஆவி திரும்பத் திரவமாகிவிடும். அதனால்தான் அடுத்த நாள் கராஜில் காட்டினால் ஒரு பிழையும் இல்லை என்பார்கள். (பெடல் கெட்டியாகவே இருந்து கார் மட்டும் நிற்காவிட்டால் அது வேறு, பாட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது.)

நிறத்தை நம்ப வேண்டாம். வெளிறிய ஒயிலிலும் தண்ணீர் இருக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சந்தேகம் வந்தால் ஈரம் அளக்கும் பேனா மாதிரிக் கருவி இருக்கிறது, 3 சதவீதம் காட்டினால் மாற்றிவிடலாம். மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். மேலே டாங்கியில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுவது மாற்றியதாகாது. நான்கு சில்லிலும் பழையது வெளியேறிப் புதியது வரவேண்டும். சீல் உடைக்காத போத்தலையே வாங்குங்கள், மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைக்காதீர்கள். இறக்கத்தில் எஸ், பி, எல் என்று உங்கள் கியரில் எது இருக்கிறதோ அதில் போட்டு இறங்குங்கள்.

கியர் ஒயில் கதை வேறு. அது மூடிய பெட்டிக்குள் இருப்பது, ஓட்டத்தோடும் சூட்டோடும்தான் கெடும். ஐயா சொல்வது முழுப் பொய்யில்லை. ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பழைய கியர்பொக்ஸில், மெஷினை மாட்டி அழுத்தமாகக் கழுவியதும் வேலை முடிந்த கதைகள் உண்டு. ஆனால் உங்கள் கார் இழுக்காமல், உதறாமல் ஓடுகிறது என்றால், 71,000 இல் முன்பு மாற்றிய பதிவு கையில் இல்லை என்றால், மாற்றுவதுதான் நல்லது. கழுவ வேண்டாம். வடியவிட்டு, வடிந்த அளவையே திரும்ப ஊற்றச் சொல்லுங்கள். பாதிகூட வராது, பரவாயில்லை, கொஞ்சம் ஓடிவிட்டு இன்னொரு தடவை செய்யலாம். உலோகத் தூளைப் பிடிக்க உள்ளே வைத்திருக்கும் காந்தத்தில் மைபோன்ற பொடி இருந்தால் பயமில்லை, செதில் செதிலாக உலோகம் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உங்களுடையது சிவிடி, அதாவது பட்டியும் கப்பியும் கொண்ட ஓட்டோ கியர். உள்ளே இரும்புப் பட்டி கப்பிகளைப் பிடித்து ஓடுவதே அந்த ஒயிலின் தன்மையால்தான். அதனால் டொயோட்டா சொன்ன சிவிடி புளூயிட் எஃப்ஈ தவிர வேறு ஒயில் எதையும் ஊற்ற விடாதீர்கள். அப்புறம், மாரி வெள்ளத்துக்குள் கார் ஆழமாக இறங்கியிருந்தால் கிலோமீற்றர் பார்க்கத் தேவையில்லை. வடிப்பது பால் கலந்த மாதிரி இருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

கேள்வி: அக்வா ஹைபிரிட்டில் பிரேக் ஒயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. ஊற்றி நிரப்பலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: முதலில் பிரேக் பாட்டைப் பாருங்கள் தம்பி. பாட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் இறங்கும். இப்போது நிரப்பினால் புதுப் பாட் போடும்போது வழிந்து பெயின்றைத் தின்றுவிடும். பாட் தடிப்பாக இருந்தும் ஒயில் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, காரை எடுக்கவே வேண்டாம். ஹைபிரிட்டில் மோட்டரும் வேகத்தைக் குறைப்பதால் பாட் மெதுவாகத்தான் தேயும், ஆனால் ஈரம் இழுப்பதில் மற்றக் கார்களைப் போலத்தான், இரண்டு வருடக் கணக்கு இதற்கும் உண்டு. மாற்றுவதற்குக் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வேண்டும், வெறுமனே பெடலை அடித்துக் காற்று எடுத்தால் சரிவராது. கராஜில் அது இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் பாலம் தாண்டி வாருங்கள்.