பழைய பேய்ப்படம், புது விமர்சனம்: வாசகர் கேள்வி–பதில்

வெளிநாட்டில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய திகில் படங்களுக்கு விமர்சனம் எழுதுவது பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

கேள்வி: ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) பற்றி எழுதுகிறேன். நான் பார்த்தது 96 நிமிடம். நண்பரின் டிவிடியில் 92 நிமிடம்தான் ஓடுகிறது. வெட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் வெட்டு இருக்காது. சினிமா ஃபிலிம் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஐரோப்பா உட்படப் பல இடங்களில் இருந்த ‘பால்’ முறை டிவிக்கு 25 ஃப்ரேம் தேவை. அதனால் படத்தை நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிவு செய்துவிடுவார்கள். 96-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 92 வரும். குரலும் இசையும் ஒரு அரைஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேறி ஒலிக்கும். கணக்கு இப்படிப் பொருந்தவில்லை என்றால் மட்டும் வெட்டைச் சந்தேகியுங்கள். விமர்சனத்தில் 96 என்றே எழுதலாம்.

நிமிடத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது பிரதியின் தரம். இந்தப் படத்துக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, டைட்டில் கார்டில் இருந்த பதிப்புரிமை வரியும் பழைய கார்டோடு போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த அறிவிப்பு இல்லாமல் வெளியானால் உரிமை கிடையாது. ஆகவே யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள், பிரதிக்குப் பிரதி எடுத்தும் விற்றார்கள். அப்படி நாலைந்து தலைமுறை தாண்டிய பிரதியில் இருட்டுக் காட்சிகளில் முகமே தெரியாது, வெளிச்சமான இடமெல்லாம் வெறும் வெள்ளையாகிப் போயிருக்கும். அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்கியவை உண்டு, வண்ணம் பூசியவை உண்டு. 1999-இல் புதுக் காட்சிகளும் புது இசையும் சேர்த்து ஒரு பதிப்பு வேறு வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து மூல நெகட்டிவிலிருந்து சீரமைத்த பதிப்பு 2016-இல் வெளிவந்தது. எழுதுவதாக இருந்தால் அதைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் ‘ஒளிப்பதிவு மங்கல்’ என்று எழுதினால், யாரோ ஒரு வீடியோ வியாபாரியைத்தான் விமர்சிக்கிறீர்கள்.

எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம் என்பதை விமர்சனத்தின் தலையிலேயே ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘நாஸ்ஃபெராட்டு’ (1922) படத்தில் வெயில் பட்டால் அழியும் பேய், பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடக்கிறது. இதை ஓட்டை என்று சுட்டிக்காட்டலாமா?

வேண்டாம், அது ராத்திரி. அக்காலத்து ஃபிலிமில் இருட்டில் படமெடுப்பது கடினம். பகலில் எடுத்து, திரையிடும் பிரதியை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் பகலோ விளக்கு வெளிச்சமோ என்பது அன்றைய பார்வையாளருக்குத் தெரிந்த வழக்கம். சாயம் இல்லாத கறுப்பு-வெள்ளைப் பிரதியைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் ‘பகலில் பேய்’ என்று எழுதினார்கள்.

இதே படத்தில் இன்னும் இரண்டு இடங்களில் சறுக்கும். முதலாவது வேகம். சீரமைத்த பதிப்பு விநாடிக்கு 18 ஃப்ரேமில் சுமார் 94 நிமிடம் ஓடும். அதையே 24-இல் ஓட்டினால் 70 நிமிடமாகச் சுருங்கி, எல்லோரும் கோமாளிகள் மாதிரித் துள்ளுவார்கள். ‘நடிப்பு செயற்கை’ என்று எழுதுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது இசை. ஹான்ஸ் எர்ட்மான் அன்று அமைத்த இசையில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. நீங்கள் கேட்டது பின்னாளில் யாரோ சேர்த்ததாகவோ, மிஞ்சியதை வைத்துக் கட்டியதாகவோ இருக்கும். பாராட்டுவதென்றால் அப்படிச் செய்தவரின் பெயரைத் தேடிப் போட்டுப் பாராட்டுங்கள்.

கேள்வி: பழைய படங்களில் தந்திரக் காட்சிகள் பல்லிளிக்கின்றன. அவற்றை எப்படி மதிப்பிடுவது?

எல்லாமே பல்லிளிப்பதில்லை. 1957-இல் வந்த இத்தாலியப் படம் ‘இ வாம்பிரி’. இயக்கியவர் ரிக்கார்டோ ஃப்ரெடா, ஒளிப்பதிவு மாரியோ பாவா. ஃப்ரெடா பாதியில் விட்டுப்போன படத்தை முடித்ததும் பாவாதான். அதில் ஒரு பெண்ணின் முகம் நம் கண்ணெதிரே கிழடாகும். வெட்டும் கிடையாது, ஒரு படம் கரைந்து இன்னொன்று வருவதும் கிடையாது. செய்தது இவ்வளவுதான்: சுருக்கங்களை முகத்தில் சிவப்பு மையால் வரைந்தார்கள். சிவப்பு விளக்கில் அந்தக் கோடுகளும் தோலும் ஒரே வெளிச்சமாகத் தெரியும், அதனால் கோடு மறைந்துவிடும். விளக்கைப் பச்சைக்கோ நீலத்துக்கோ மெல்ல மாற்றினால் சிவப்புக் கோடு மட்டும் கறுத்து எழும்பும். கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்கு நிறம் தெரியாது என்பதால் விளக்கு மாறியது யாருக்கும் தெரியாது. விமர்சனத்தில் இதை இரண்டு வரியில் விளக்கினாலே போதும், வாசகர் அந்தக் காட்சியைத் தேடிப் போய்ப் பார்ப்பார்.

‘லிவிங் டெட்’டில் ரத்தமாக வருவது சாக்லேட் சிரப். வண்ணத்தில் எடுத்திருந்தால் அது நடந்திராது. தந்திரம் எந்த ஃபிலிமுக்கு, எந்த வெளிச்சத்துக்கு என்று செய்யப்பட்டதோ அதில் எடுபடுகிறதா என்று பாருங்கள். எடுபடாவிட்டால் எடுபடவில்லை என்றே எழுதுங்கள்.

காட்டாமல் விட்டதும் தந்திரம்தான். ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு ஸ்டுடியோ போட்ட வரம்பு ஒன்றரை லட்சம் டாலர். சிறுத்தை துரத்துவதைக் காட்டப் பணம் இல்லை. ஒரு பெண் பூங்காச் சுவரோரம் நடக்கிறாள். பின்னால், சிறுத்தையாக மாறக்கூடிய இன்னொருத்தியின் குதிகால் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. இவள் நடையை வேகப்படுத்துகிறாள், சீறல் மாதிரி ஒன்று கேட்கிறது, சட்டென்று ஒரு பஸ் சட்டகத்துக்குள் வந்து நிற்கிறது. சீறியது பஸ்ஸின் பிரேக். அதிர்ச்சிக்கு உண்மையான காரணம் பஸ் அல்ல, அதற்கு முன் நின்றுபோன காலடிச் சத்தம். ‘பஸ் வரும்போது தூக்கிவாரிப் போட்டது’ என்பதோடு நிறுத்தாமல் இதைச் சொன்னால்தான் விமர்சனம்.

‘லிவிங் டெட்’டிலும் ஒரு காட்சியைக் கவனியுங்கள். எழுந்து திரியும் பிணங்கள் உள்ளே வராதபடி நாயகன் கதவையும் மேசைப் பலகையையும் பிடுங்கி ஜன்னல்களில் ஆணி அடித்துக்கொண்டிருப்பான். நடுவில் போட்டுவிட்ட ரேடியோ, வெளியே நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு வீடு, ஒரு சுத்தியல், ஒரு குரல். ஊர் எரிவதைக் காட்டும் செலவு மிச்சம்.

கேள்வி: உதடு ஒன்று பேச, குரல் வேறு பேசுகிறது. நடிப்பு மோசம் என்று எழுதலாமா?

இத்தாலியப் படமானால் பொறுங்கள். அங்கே அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பதிவான ஒலியைப் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை, எல்லாமே பின்னால் டப்பிங். ஆளுக்கொரு மொழியில் பேசி நடித்திருப்பார்கள். பாவாவின் ‘லா மாஸ்கெரா டெல் டெமோனியோ’ (1960) படத்தில் நாயகி பார்பரா ஸ்டீல் ஆங்கிலேயர். ஆங்கிலப் பிரதியில் கேட்கும் குரலும் அவருடையதல்ல. ஆகவே கண், நடை, கை, நிற்கும் விதம் ஆகியவற்றை வைத்து நடிப்பை எடைபோடுங்கள். அதே படம் அமெரிக்காவுக்கு ‘பிளாக் சண்டே’ என்று போனபோது சில காட்சிகளை வெட்டி, வசனத்தை மறுபடி டப் செய்து, நிகோலோசியின் இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டார்கள். இரண்டு பிரதியும் புழக்கத்தில் உண்டு. எதைப் பார்த்தீர்கள் என்பது தெரியாமல் இசையைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) வேறு ரகம். அதில் வசனம் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும், அது குறைதான். ஆனால் நடுவில் நாயகி துணிக்கடையில் இருக்கும்போது உலகத்தின் சத்தம் முழுதும் அணைந்துவிடும், அவளை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பிறகு பூங்காவில் ஒரு பறவைச் சத்தத்தோடு எல்லாம் திரும்பும். சுமார் 33,000 டாலர் படத்தில் சத்தத்தை நிறுத்துவதற்குக் காசே ஆகவில்லை. குறையையும் இதையும் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

கேள்வி: ‘இந்தச் செலவுக்கு இது பரவாயில்லை’ என்று முடிக்கலாமா?

கூடாது. டிக்கெட் வாங்கியவர் பயந்தாரா என்பதுதான் கேள்வி. செலவுத் தொகை காட்சியின் அமைப்பை விளக்கும்போது மட்டும் சொல்லுங்கள். சொன்னால் ஒப்பிட ஒரு எண்ணும் கொடுங்கள்: ‘லிவிங் டெட்’டுக்குச் சுமார் 1,14,000 டாலர், அதே 1968-இல் ஒரு பெரிய ஸ்டுடியோ எடுத்த ‘ரோஸ்மேரிஸ் பேபி’க்கு முப்பது லட்சத்துக்கு மேல். இப்படி எழுதினால் வாசகருக்கு அளவு பிடிபடும்.

கேள்வி: கிண்டல் செய்யலாமா?

ஒரு தடவை. இரண்டாவது தடவை வாசகர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

கேள்வி: எத்தனை முறை பார்க்க வேண்டும், குறிப்பு எப்படி எடுப்பது?

இரண்டு முறை. முதல் தடவை இரவில், விளக்கை அணைத்து, நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல். பேய்ப்படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இழுவை என்றுதான் தோன்றும், ஏனென்றால் பயம் காத்திருப்பதில்தான் ஊறுகிறது. மறுநாள் நேரத்தோடு குறிப்பெடுங்கள்: முதல் பயம் எந்த நிமிடத்தில், அடுத்தது எப்போது, நடுவில் எவ்வளவு நேரம் வெறும் பேச்சு. ‘லிவிங் டெட்’டில் முதல் பத்து நிமிடத்துக்குள் கல்லறையில் தாக்குதல் வந்துவிடும். ‘இரண்டாம் பாதி தொய்வு’ என்று மொட்டையாக எழுதுவதைவிட எந்த இருபது நிமிடம் தொய்வு என்று எழுதுவது மேல். பிடித்த காட்சி ஒன்றைச் சத்தமில்லாமல் ஒருமுறையும், திரையைப் பாராமல் காதால் மட்டும் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். பயம் எதில் இருந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

எழுதும்போது 500 சொல் விமர்சனத்தில் கதைக்கு 80 சொல் போதும்.

கேள்வி: ஐம்பது வருடத்துக்கு மேலான படத்தின் முடிவைச் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்?

உங்கள் வாசகருக்கு அது நாளைக்கு வெளியாகும் படம். முடிவைத் தொடாமல் எழுத முடிந்தால் அப்படியே எழுதுங்கள். ‘லிவிங் டெட்’டின் கடைசியில் வரும் நிழற்படங்களைப் பேசாமல் முடியாது என்று தோன்றினால், எச்சரிக்கையைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். ஐந்தாவது பத்தியில் போட்டால் பயனில்லை. வாசகரின் கண் அதற்குள் அடுத்த வரியைப் படித்திருக்கும்.