ஒன்வே மெசேஜா, ரிக்வெஸ்ட்-ரிப்ளையா: எதை எங்கே வைப்பது?

கேள்வி கேட்டவர் கல்முனையில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறவர். கிளையன்ட் (கடையில் ஓடும் புரோகிராம்) சேர்வருக்கு (தரவைப் பதிந்து வைக்கும் கணினி) அனுப்பும் எல்லா மெசேஜையும் ஒன்வே, அதாவது பதில் எதிர்பார்க்காதது, ஆக்கிவிட்டால், ரிக்வெஸ்ட்-ரிப்ளையில் (கேட்டுப் பதில் வாங்கும் முறை) போலப் பதிலுக்குக் காத்து நிற்காமல் வேகம் கூடுமே, செய்யலாமா என்கிறார். எல்லாவற்றையும் என்றால், வேண்டாம். சிலவற்றைத் தாராளமாக மாற்றலாம்.

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறேன், உதாரணம் அங்கிருந்தே. நெல் காயவைக்கும் ட்ரையரில் உள்ள சென்சர் சில செக்கனுக்கு ஒருதரம் வெப்பநிலையை யூடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் நெட்வேர்க் முறை) அனுப்பிவிட்டுத் தன்பாட்டில் இருக்கும். ஒன்று தொலைந்தால் தொலையட்டும், அடுத்தது வந்துகொண்டுதானே இருக்கிறது, தொலைந்த பழைய அளவைத் தேடிப்பிடித்து மறுபடி அனுப்பி யாருக்கு என்ன பயன்? வாசலில் லொறி நிறுக்கும் தராசு அப்படியல்ல. பெரும்போக அறுவடை நேரம் லொறிகள் வரிசையில் நிற்கும். நிறை ஆபீஸ் சேர்வரில் பதிந்த பிறகுதான் துண்டு அடிக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் துண்டைக் காட்டித்தான் விவசாயி காசு வாங்குவார். பதியாமல் துண்டு மட்டும் கைக்குப் போனால் சண்டை நிச்சயம். ஆகவே நான் முதலில் பார்ப்பது வேகத்தை அல்ல. இந்த மெசேஜ் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால் அனுப்பிய பக்கம் ஏதாவது செய்யுமா? ஒன்றும் செய்யாது என்றால் பதிலே தேவையில்லை.

"டிசிபியில்தானே அனுப்புகிறோம், அதுவே ஏசிகே அனுப்புகிறதே" என்று சிலர் சொல்வார்கள். டிசிபி என்பது தொலைந்ததை மறுபடி அனுப்பும் நெட்வேர்க் முறை, ஏசிகே என்பது அதில் திரும்பி வரும் 'கிடைத்தது' என்ற உறுதி. அந்த ஏசிகே சொல்வது, மற்ற மெஷினின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பைட்டுகளை வாங்கிக்கொண்டது என்பதை மட்டும்தான். உங்கள் அப்ளிகேஷன் அதை வாசிக்கும் முன்பே கரண்ட் போயிருக்கலாம், டேட்டாபேஸ் பிழை கொடுத்திருக்கலாம். வேலை முடிந்ததா என்பதை அந்த வேலையைச் செய்த புரோகிராம்தான் சொல்ல முடியும். சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் 1984இலேயே எழுதிவைத்த விஷயம் இது. எம்க்யூடிடியில் (சென்சர் போன்றவை மெசேஜ் அனுப்பப் பாவிக்கும் முறை) க்யூஓஎஸ் 1, அதாவது ஒருதரமாவது போய்ச் சேரவேண்டும் என்ற அமைப்பு, வைத்தாலும் இதே கதைதான், அனுப்பியவருக்கு வரும் உறுதி புரோக்கரிடமிருந்து (மெசேஜை நடுவில் வாங்கிக் கைமாற்றும் சேர்வர்) வருவது, மெசேஜை வாங்கிப் பாவிக்கும் அப்ளிகேஷனிடமிருந்து அல்ல.

சரி, வேகத்துக்கு வருவோம். போய்வர 50 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொண்டால், 200 மெசேஜை ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை நின்று அனுப்பினால் 10 செக்கன் போய்விடும். இங்கே நேரத்தைத் தின்பது நிற்பதுதான், பதில் அல்ல. ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து வரிசையாக அனுப்பிக்கொண்டே போங்கள், பதில்கள் வரவர எண்ணைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளலாம். 2019இல் வந்த எம்க்யூடிடி 5 இதற்கென்றே பதில் வரவேண்டிய டாப்பிக்கையும் (மெசேஜுக்கு முகவரி போன்ற பெயர்) பொருத்தும் தரவையும் மெசேஜிலேயே வைக்க இடம் கொடுத்தது. இன்னொன்று, சுத்த ஒன்வேயில் சேர்வர் திணறுவது கிளையன்டுக்குத் தெரியாது, அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். பதிலுக்கு நிற்கும் கிளையன்ட் தானாகவே மெதுவாகும். அதுவும் ஒரு லாபம்தான்.

ரிக்வெஸ்ட்-ரிப்ளைக்குப் போனால் வேறொரு தலையிடி காத்திருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை: டைம்அவுட், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராமல் போவது. பதில் வரவில்லை என்றால் ரிக்வெஸ்ட் போகும் வழியில் தொலைந்திருக்கலாம், சேர்வர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம், அல்லது வேலையை முடித்துவிட்டுப் பதில் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். கிளையன்ட் பக்கமிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டைம்அவுட்டைத் தோல்வி என்று எடுத்து மறுபடி அனுப்பினால், மூன்றாவது நிலையில் ஒரே லொறியின் நெல் இரண்டுதரம் பதியும், கணக்கில் இல்லாத நெல்லுக்கு ஆலைக்காரர் காசு கட்டுவார். ஆகவே அடையாள எண்ணைக் கிளையன்டே உருவாக்கி, அனுப்பும் முன் தன் டிஸ்க்கில் எழுதி, மறுகா அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். சேர்வர் அந்த எண்ணை டேட்டாபேஸில் யுனிக் ஆக (ஒரே எண் இரண்டுதரம் பதியாதபடி) வைத்து, ஏற்கனவே பதிந்திருந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே திருப்பித் தரவேண்டும். எண்ணும் நிறையும் ஒரே டிரான்சாக்ஷனில் (பதிந்தால் எல்லாம் பதியும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது) பதியட்டும், தனித்தனியாக எழுதினால் நடுவில் கரண்ட் போகும்போது பழைய பிரச்சினையே திரும்பி வரும்.

உங்கள் பில்லிங்கில் விற்பனை, ஸ்டொக் கழிப்பு, கடன் கணக்கு எல்லாம் இப்படிப் பதில் கட்டாயம் வேண்டிய வகை. கெஷியர் எந்த ஸ்கிரீனைத் திறந்தார், பிரின்டரில் பேப்பர் இருக்கிறதா போன்றவற்றை ஒன்வேயாக விடுங்கள்.

ஒன்வே என்று ஃபிரேம்வேர்க்கில் குறித்துவிட்டால் வயரில் ஒன்றும் திரும்பாது என்றும் நினைக்க வேண்டாம். டபிள்யூசிஎஃப்-இல் (மைக்ரோசொஃப்டின் ஃபிரேம்வேர்க்) ஒன்வே என்று போட்டாலும் எச்டிடிபியில் (வெப் பாவிக்கும் முறை) 202, அதாவது 'ஏற்றுக்கொண்டேன்', என்ற வெறும் பதில் ஒன்று வரத்தான் செய்யும். ஜேசன்-ஆர்பிசி 2.0இல் (இன்னொரு கணினியில் உள்ள புரோகிராமை அழைக்கும் ஒரு முறை) ஐடி, அதாவது அடையாள எண், இல்லாமல் அனுப்பினால் அது நோட்டிஃபிகேஷன் (பதில் இல்லாத அறிவித்தல்), தரவு பிழையாக இருந்தாலும் சேர்வர் பிழைச் செய்திகூட அனுப்பக்கூடாது. எனவே ஒன்வே மெசேஜ்களில் வரும் பிழைகளைச் சேர்வர் பக்க லொக்கில் (நடந்ததை எழுதிவைக்கும் கோப்பு) கட்டாயம் எழுதுங்கள், வேறெங்கும் அவை தெரியப்போவதில்லை.